சேர்ந்த மேஜர் பிடிக்கவில்லை: டெல்டா கல்லூரிகளில் பாடம் மாற வழி உண்டா?

வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு தம்பி தன் அக்கா மகளுக்காகக் கேட்டிருக்கிறார். பெண் அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல், கணிதம் இரண்டும் உள்ள பிரிவு. இப்போது கும்பகோணத்தில் அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியல், ஆங்கில வழி. கல்லூரி திறந்து ஐந்து வாரம் ஆகிறது. "எனக்கு இது வேண்டாம் மாமா, பி.ஏ. வரலாறு இல்லாவிட்டால் பி.காம். மாத்திக் கொடுங்க, இல்லேன்னா நான் போகவே மாட்டேன்" என்று உட்கார்ந்துவிட்டாளாம். அதே கல்லூரியில் மாற முடியுமா, வேறு கல்லூரிக்குப் போனால் ஒரு வருடம் போய்விடுமா, அரசு மாதாமாதம் தருகிற புதுமைப் பெண் பணம் நின்றுவிடுமா, டிசியை இப்போதே வாங்கிக்கொண்டு வந்துவிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

தம்பி, கடைசிக் கேள்விக்குத்தான் முதலில் பதில். டிசியை வாங்காதீர்கள். வேறு இடத்தில் சேர்க்கை ஆணை கையில் வரும்வரை அந்தப் பேச்சையே கல்லூரி அலுவலகத்தில் எடுக்க வேண்டாம். டிசி கேட்டு எழுதிக் கொடுத்த அன்றே பெயர் பட்டியலிலிருந்து நீங்கிவிடும். அந்த இடத்தைக் காத்திருப்புப் பட்டியலில் உள்ள பிள்ளைக்குக் கொடுத்துவிடுவார்கள், அது அவர்கள் கடமை. அடுத்த வாரம் மனசு மாறித் திரும்பி வந்தால் உள்ளே நுழைய வழி இருக்காது. சேர்க்கைக் குழுவில் நான் இருந்த காலத்தில் இப்படி வெளியே போய்விட்டு, பக்கத்து ஊர்க் கல்லூரியிலும் இடம் கிடைக்காமல், அந்த வருடம் முழுக்க வீட்டில் இருந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அத்தனை பேரும் நல்லாப் படிக்கிற பிள்ளைகள். அவசரம்தான் அவர்களை வீட்டில் உட்கார வைத்தது.

இனி முதல் கேள்வி. அதே கல்லூரிக்குள் மாற முடியும். ஐந்து வாரம் என்பது தாமதம்தான், ஆனால் கதவு முழுவதும் சாத்தப்பட்டிருக்காது. கல்லூரிகள் முதலாண்டு மாணவர் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பி, பதிவு எண் வாங்குவதற்கு முன்னால் நடக்கிற மாற்றம் கல்லூரி முதல்வரின் கையெழுத்தோடு முடிந்துவிடும். பட்டியல் போன பிறகு என்றால் பல்கலைக்கழகத்தின் அனுமதி வேண்டும், காரணம் காட்ட வேண்டும், அலைய வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் தேர்வை அவர்களே நடத்துவதால், அங்கே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்தில் பெயர் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். கும்பகோணத்தில் இருக்கிற அரசு ஆண்கள் கல்லூரி என்று நாம் பழக்கத்தில் சொல்கிற கலைக் கல்லூரி, அரசு மகளிர் கல்லூரி இரண்டும் தன்னாட்சிதான். ஆகவே நாளை, நாளன்றைக்கு என்று தள்ளாமல் இந்த வாரமே போங்கள்.

போனதும் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: அவள் கேட்கிற பாடத்தில் காலியிடம் இருக்கிறதா, இருந்தால் எந்தப் பிரிவில் இருக்கிறது? இரண்டாவது பாதிதான் முக்கியம். பல பெற்றோர் "வரலாற்றில் நாலு சீட் காலியாமே, ஏன் என் பிள்ளைக்குத் தரவில்லை?" என்று கோபப்படுவார்கள். அரசுக் கல்லூரியில் இடங்கள் இன சுழற்சி முறையில் பிரிக்கப்பட்டவை. பிற்படுத்தப்பட்டோர் 26.5 விழுக்காடு, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்கள் 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினர் 20, ஆதிதிராவிடர் 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), பழங்குடியினர் 1, மீதி 31 பொதுப் போட்டி. அறுபது பேர் வகுப்பு என்றால் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்கு 12 இடம். வரலாற்றில் காலியாக இருக்கிற அந்த நாலும் வேறு பிரிவுக்கு உரியவை என்றால் முதல்வர் நினைத்தாலும் உங்கள் பெண்ணுக்குத் தர முடியாது. அதே பிரிவில் ஒன்று காலி, ஆனால் மாறக் கேட்டவர்கள் மூன்று பேர் என்றால் தரவரிசையில் மேலே இருப்பவருக்குத்தான். இதைத் தெரிந்துகொண்டு போனால் அலுவலகத்தில் பேச்சு சுமுகமாக இருக்கும்.

ஷிப்ட் பற்றியும் கேளுங்கள். பல அரசுக் கல்லூரிகளில் காலை ஷிப்ட், மதிய ஷிப்ட் என்று இரண்டு உண்டு. மதிய ஷிப்டில்தான் இடம் மிச்சம் இருக்கும். ஆனால் வகுப்பு முடிய மாலையாகும். வலங்கைமானைத் தாண்டி உள்ளே கிராமம் என்றால், ஐப்பசி கார்த்திகை மழையில் இருட்டின பிறகு பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்க வேண்டியிருக்கும். எந்த டவுன் பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்துவிட்டுத்தான் சரி சொல்ல வேண்டும். இதைச் சின்ன விஷயம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பஸ் சரியில்லாமல் படிப்பை நிறுத்திய பெண்கள் நம் பக்கத்தில் நிறைய.

தகுதி விஷயத்தில் வரலாறு எளிது. எந்தப் பிரிவு படித்தவரும் பி.ஏ. வரலாறு சேரலாம். பி.காம். அப்படி இல்லை. பன்னிரண்டாம் வகுப்பில் வணிகவியல், கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்குத்தான் முதல் உரிமை. அவர்கள் போக மிச்சம் இருந்தால்தான் அறிவியல் பிரிவுக்கு. டெல்டாவில் பி.காமுக்கு எப்போதும் கூட்டம் அதிகம், மிச்சம் இருப்பது அபூர்வம். கிடைத்தாலும் முதல் செமஸ்டரிலேயே பேரேடு, இருப்புநிலைக் குறிப்பு என்று ஆரம்பித்துவிடுவார்கள். பக்கத்தில் உட்காருகிற பெண் அதை இரண்டு வருடம் படித்துவிட்டு வந்திருப்பாள். முடியாது என்று சொல்லவில்லை. முதல் இரண்டு மாதம் கூடுதலாக உழைக்க அவள் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இப்போது மாறினால் பெரிய நஷ்டம் இல்லை என்பதற்குக் காரணம் நம் பாடத்திட்டத்தின் அமைப்பு. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம். இவை எந்த மேஜர் எடுத்தாலும் பெரும்பாலும் பொது. பகுதி மூன்றில்தான் மேஜரும் (முதன்மைப் பாடம்) அலைடும் (துணைப் பாடம்) வருகின்றன. அதனால் முதல் செமஸ்டருக்குள் மாறினால் ஐந்து வாரத்து மேஜர், அலைடு நோட்ஸை மட்டும் எழுதிக்கொண்டால் போதும். செமஸ்டருக்கு 90 வேலை நாள், அதில் 75 விழுக்காடு வருகை வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. அதாவது 68 நாள். வேதியியல் வகுப்பில் இதுவரை அவள் வந்த நாட்களைப் புது வகுப்பின் வருகைப் பதிவில் சேர்த்துவிட்டார்களா என்பதை மாறிய அன்றே உறுதி செய்யுங்கள். இதைக் கவனிக்காமல் விட்டு, தேர்வு நேரத்தில் வருகை குறைவு என்று காண்டொனேஷன் (வருகைக் குறைவை மன்னிப்பதற்கான கட்டணம்) கட்ட நிற்பவர்கள் வருடா வருடம் உண்டு.

இதெல்லாம் வழிமுறை. இதற்கு முன்னால், கல்லூரிக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் ராத்திரி, அவளோடு உட்கார்ந்து பேச வேண்டிய பேச்சு ஒன்று இருக்கிறது. என் அனுபவத்தில் இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. அவளுக்குப் பிடிக்காதது வேதியியலா, ஆங்கிலமா?

தமிழ் வழியில் பன்னிரண்டு வருடம் படித்த பிள்ளை திடீரென்று ஆங்கில வழி வகுப்பில் உட்காருகிறது. ஆசிரியர் ஒரு மணி நேரம் பேசுகிறார். பலகையில் எழுதுவது புரிகிறது, வாயில் சொல்வது புரியவில்லை. பக்கத்தில் நகரத்து மெட்ரிக் பள்ளிப் பிள்ளைகள் டக் டக்கென்று பதில் சொல்கிறார்கள். கேள்வி கேட்க எழுந்தால் சிரிப்பார்களோ என்று பயம். வீட்டுக்கு வந்து "ஆங்கிலம் புரியலை" என்று சொல்லக் கூச்சமாக இருக்கும். அதனால் "கெமிஸ்ட்ரி பிடிக்கலை" என்று சொல்லும். அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை, அதற்கே எது எது என்று பிரித்துத் தெரியாது. பள்ளியில் தொண்ணூறு வாங்கிய பாடத்தையே வெறுத்துவிட்டோம் என்று நம்பிக்கொண்டிருக்கும். மாறக் கேட்டு என்னிடம் வந்த பிள்ளைகளில் பலருக்குச் சிக்கல் இதுதான். அவர்களை ஆங்கில வழி வரலாற்றுக்கு மாற்றிவிட்டால் அங்கேயும் அதே பயம் கூடவே போகும். சொல்லப்போனால் அங்கே இன்னும் கஷ்டம். வேதியியலில் சமன்பாடும் படமும் பாதி வேலையைச் செய்துவிடும். வரலாற்றில் ஒவ்வொரு விடையையும் பக்கம் பக்கமாக ஆங்கிலத்தில் எழுத வேண்டும்.

கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. முதல் செமஸ்டர் வேதியியலில் வருகிற அணு அமைப்பு, தனிம வரிசை அட்டவணை, ஹைட்ரோகார்பன் எல்லாம் அவள் பதினொன்றாம் வகுப்பில் தமிழில் படித்தவைதான். அந்தப் பாடநூலை எடுத்து, கல்லூரியில் இந்த வாரம் நடத்திய பகுதியைத் தமிழில் ஒரு முறை படிக்கச் சொல்லுங்கள். படித்துவிட்டு "ஓ, இதைத்தான் சொன்னாங்களா" என்று முகம் தெளிந்தால் சிக்கல் மொழியில்தான். அப்படியென்றால் பாடத்தை மாற்ற வேண்டியதில்லை. தமிழ் நூலையும் ஆங்கில நூலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் முதல் செமஸ்டர் முடிவதற்குள் பழகிவிடும். துறையில் இருக்கிற ஆசிரியர் ஒருவரிடம் தனியாகப் போய்ச் சொல்லச் சொல்லுங்கள். அரசுக் கல்லூரி ஆசிரியர்களில் நிறையப் பேர் அவளைப் போலவே கிராமத்திலிருந்து தமிழ் வழியில் வந்தவர்கள்தான். தமிழில் படித்தும் முகம் தெளியவில்லை, "இந்த மோல் கணக்கே எனக்கு எரிச்சலா இருக்கு, வரலாறு என்றால் ராத்திரி முழுக்கப் படிப்பேன்" என்கிறாளா? அப்போது மாற்றுங்கள். மூன்று வருடம் பிடிக்காத பாடத்தோடு ஒரு பிள்ளையைக் கட்டிப்போடுவதில் எந்தப் பயனும் இல்லை.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். தோழி யாராவது வரலாற்றில் இருக்கிறாளா? லேபில் யாராவது கடுமையாகப் பேசிவிட்டார்களா? வகுப்பில் ஏதாவது தொந்தரவா? இவையும் உண்மையான காரணங்களே. ஆனால் இவற்றுக்குத் தீர்வு வேறு. தொந்தரவு என்றால் ராகிங் தடுப்புக் குழுவும் உள்ளகப் புகார்க் குழுவும் ஒவ்வொரு கல்லூரியிலும் இருந்தாக வேண்டும். அவளாகச் சொல்லட்டும், அக்காவை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். தாய்மாமனிடம் சொல்லாததை அம்மாவிடம் சொல்வாள்.

வேலை விஷயத்துக்கு வருவோம். வரலாறு ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் "டிஎன்பிஎஸ்சிக்கு நல்லது" என்பார்கள். குரூப் 2-க்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வேதியியல் படித்தாலும் எழுதலாம், வரலாறு படித்தாலும் எழுதலாம். குரூப் 4-க்குப் பத்தாம் வகுப்பே போதும். குரூப் 2 முதல்நிலைத் தேர்வில் 200 கேள்வியில் 100 மொழிப் பகுதி, 25 திறனறி கணக்கு, மீதி 75-தான் பொது அறிவு. அதற்குள் வரலாறு ஒரு பங்கு, அறிவியலும் ஒரு பங்கு. ஆகவே தேர்வுக்காக மட்டும் மாற வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் தமிழ் வழி இட ஒதுக்கீடு என்ற ஒன்றை மறந்துவிடாதீர்கள். தமிழ் வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசுப் பணிகளில் 20 விழுக்காடு முன்னுரிமை என்று 2010-இல் சட்டம் வந்தது. அந்தப் பணிக்கு எந்தப் படிப்பு தகுதியோ அதுவரை தமிழ் வழியில் படித்திருக்க வேண்டும். பட்டம் தகுதியாக உள்ள பணி என்றால் பட்டப்படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். உங்கள் பெண் ஆங்கில வழி வேதியியலை முடித்தால் குரூப் 4-இல் அவளுக்கு இந்த முன்னுரிமை உண்டு, குரூப் 2-இல் கிடையாது. தமிழ் வழி வரலாற்றுக்கு மாறினால் இரண்டிலும் உண்டு. அரசுப் பணிதான் அவள் குறி என்றால், மாறுவதற்கு இது ஒன்றே நியாயமான காரணம். அப்படி மாறும்போது தமிழ் வழி வகுப்பில்தான் இடம் தருகிறார்களா என்று ஆணையில் பார்த்து வாங்குங்கள். ஒரே கல்லூரியில் ஒரே பாடம் இரண்டு வழியிலும் இருக்கும்.

ஆசிரியர் வேலை என்று கனவு இருந்தால் இன்னொரு கணக்கு. மேல்நிலைப் பள்ளியில் முதுகலை ஆசிரியர் ஆக இளங்கலையும் முதுகலையும் ஒரே பாடத்தில், அல்லது அரசு இணையானது என்று ஏற்ற பாடத்தில் இருக்க வேண்டும். இப்போது வேதியியலை முடித்துவிட்டு, பிறகு எம்.ஏ. வரலாறு படித்து வரலாற்று ஆசிரியர் ஆகிறேன் என்றால் கிராஸ் மேஜர் என்று தள்ளிவிடுவார்கள். ஆசிரியர்தான் குறி என்றால் பாடத்தை இப்போதே முடிவு செய்வது நல்லது.

சொந்தக்காரர்கள் யாராவது "கெமிஸ்ட்ரி படிச்சு இங்க எந்த ஃபேக்டரியில வேலை?" என்று கேட்டிருப்பார்கள். காவிரி டெல்டா 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாகச் சட்டமாயிற்று. உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிதாக எண்ணெய், எரிவாயு தோண்டுவது எல்லாம் இங்கே வர முடியாது. அது நம் நிலத்துக்கு வேண்டியது. அதனால் வேதியியலுக்கு வேலையே இல்லை என்று ஆகாது. மண், நீர், உணவு சோதிக்கிற ஆய்வகங்கள், மருந்துக் கம்பெனிகள், பள்ளிகள் இருக்கின்றன. உணவுப் பதப்படுத்தலுக்கென்றே தஞ்சாவூரில் மத்திய அரசின் நிஃப்டெம் நிறுவனம் இருக்கிறது. பெரிய கம்பெனி வேலை என்றால் டெல்டாவை விட்டு வெளியே போக வேண்டியிருக்கும், அதை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

வேறு கல்லூரிக்குப் போவது பற்றி. தஞ்சாவூர் குந்தவை நாச்சியார், மன்னார்குடி இராசகோபால சுவாமி, திருவாரூர் திரு.வி.க. என்று உங்களுக்கு எட்டும் தூரத்தில் அரசுக் கல்லூரிகள் உண்டு. இந்த வருடமே போக வேண்டும் என்றால் அங்கே சேர்க்கை இன்னும் முடியாமல் இருக்க வேண்டும். அதாவது அவள் அங்கே புதிய மாணவியாகச் சேர்கிறாள். அங்கே இடம் உறுதி என்று எழுத்தில் வந்த பிறகு இங்கே டிசி. முதல் செமஸ்டர் முடிந்த பிறகு, இரண்டாம் செமஸ்டருக்கு வேறு கல்லூரி என்பது கடினம். ஒரே மேஜர், இரண்டு கல்லூரியும் ஒரே பல்கலைக்கழகத்தின் கீழ், அங்கே காலியிடம் என்று எல்லாம் கூடி வந்தால் பல்கலைக்கழக அனுமதியோடு நடக்கும். தன்னாட்சிக் கல்லூரி தன் பாடத்திட்டத்தைத் தானே வகுத்துக்கொள்வதால், இங்கே எழுதின தாளும் அங்கே எழுத வேண்டிய தாளும் பொருந்துகிறதா என்று பார்ப்பார்கள். மேஜரும் மாறி கல்லூரியும் மாறுவது என்றால் அடுத்த வருடம் முதலாண்டிலிருந்து தொடங்குவதுதான். வேறு வழி சொன்னால் நம்பாதீர்கள்.

நாகப்பட்டினம் பக்கத்தில் இருப்பவர்கள் காரைக்காலில் சேர்ந்தால் என்ன என்று கேட்பதுண்டு. பஸ்ஸில் பக்கம்தான். ஆனால் அது புதுச்சேரி அரசின் கீழ், புதுவைப் பல்கலைக்கழகத்தின் கீழ். சேர்க்கை முறை, இட ஒதுக்கீடு, உதவித்தொகை எல்லாமே வேறு. திருவாரூரில் இருக்கிற மத்தியப் பல்கலைக்கழகமும் அப்படித்தான். அதற்கு க்யூட் நுழைவுத் தேர்வு எழுதிப் புதிதாகத்தான் போக முடியும்.

அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ் என்று 2021-இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) கொண்டுவந்ததைப் பற்றிச் சிலர் சொல்வார்கள். படித்த தாள்களுக்கான மதிப்பெண் அலகுகள் மாணவர் பெயரில் சேமிக்கப்படும், வேறு இடத்தில் பயன்படுத்தலாம் என்பது திட்டம். நல்ல திட்டம். ஆனால் கிரெடிட் இருப்பதால் மட்டும் சீட் உருவாகாது. எடுத்துக்கொள்கிற கல்லூரியில் இடமும் வேண்டும், தாளும் பொருந்த வேண்டும். முதல் செமஸ்டர் கூட முடிக்காத பெண்ணுக்கு இப்போது இதனால் ஒன்றும் இல்லை.

தனியார் சுயநிதிக் கல்லூரியில் பணம் கட்டிச் சேர்ந்து மாற நினைப்பவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் கட்டணம் பற்றி ஒரு வார்த்தை. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு விதை, உழவு, கூலி என்று கையில் இருக்கிற காசெல்லாம் வயலுக்குப் போகிற நேரம். அதே நேரத்தில்தான் கல்லூரிக் கட்டணமும். கடன் வாங்கிக் கட்டின பணம் திரும்பாது என்று பயந்தே பிடிக்காத பாடத்தில் பிள்ளையை விட்டுவைப்பவர்கள் உண்டு. யுஜிசி 2018-இல் வெளியிட்ட விதிப்படி, சேர்க்கையின் கடைசித் தேதிக்குப் பதினைந்து நாளோ அதற்கு மேலோ முன்னதாக விலகினால் சிறு செயலாக்கக் கட்டணம் போக முழுக் கட்டணமும் திருப்பித் தர வேண்டும். கடைசித் தேதிக்குள் ஆனால் பதினைந்து நாளுக்குக் குறைவாக இருந்தால் 90 விழுக்காடு. கடைசித் தேதி தாண்டி பதினைந்து நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காப்புத் தொகை எப்போது விலகினாலும் முழுவதும் உங்களுடையது. அசல் சான்றிதழ்களைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், பிடித்து வைக்கக் கூடாது என்றும் அதே விதி சொல்கிறது. வாய்மொழியாகக் கேட்காதீர்கள். தேதி போட்டுக் கடிதம் கொடுத்து, நகலில் அலுவலக முத்திரை வாங்குங்கள். எந்தத் தேதியில் விலகினீர்கள் என்பதற்கு அந்த முத்திரைதான் சாட்சி.

பொறியியலில் கதை வேறு. கலந்தாய்வில் வாங்கிய சீட்டை விட்டுவிட்டு நிர்வாக ஒதுக்கீட்டில் வேறு பிராஞ்ச் போனால், முதல் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு அரசு கட்டுகிற கட்டணமும் போய்விடும். திருச்சி என்ஐடி போன்ற இடங்களில் முதலாண்டு மதிப்பெண்ணை வைத்து பிராஞ்ச் மாற்றம் உண்டு, மிகச் சிலருக்கு.

சரி, காலியிடமே இல்லை என்று சொல்லிவிட்டால்? அப்போது நிறுத்திவிட்டு அடுத்த வருடம் சேரலாமா, இதையே முடிக்கலாமா என்ற கேள்வி வரும். நான் சொல்வது, முதல் செமஸ்டரை முடிக்கட்டும். தேர்வெழுதட்டும். அடுத்த மே மாதம் அரசுக் கல்லூரிச் சேர்க்கைக்கு இணையத்தில் மறுபடி விண்ணப்பிக்க அவளுடைய பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் அப்படியே செல்லும். அதற்குள் வேதியியல் பழகிவிட்டால் தொடரலாம், பழகாவிட்டால் ஒரு வருடம் போனால் போகட்டும் என்று மாற்றலாம். பதினெட்டு வயதில் ஒரு வருடம் போவதால் வாழ்க்கை கெட்டுவிடாது. ஆனால் வீட்டில் சும்மா உட்கார்ந்து போகிற வருடம் பெண் பிள்ளைகளுக்கு ஆபத்தானது. "படிக்கத்தான் போகலையே" என்று யாராவது ஜாதகத்தைக் கையில் எடுத்துவிடுவார்கள். அதனால்தான் கல்லூரிக்குப் போய்க்கொண்டே காத்திருக்கட்டும் என்கிறேன். ஒன்றிரண்டு தாள் அரியர் விழுந்தாலும் பயப்பட வேண்டாம், அடுத்த செமஸ்டருக்குப் போவதை அது தடுக்காது. 1904-இல் இதே கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்த இராமானுஜன் ஆங்கிலத்தில் தவறி உதவித்தொகையை இழந்தார். அன்றைய முறையில் எல்லாப் பாடத்திலும் ஒன்றாகத் தேறினால்தான் மேலே போக முடியும், கணிதத்தில் எவ்வளவு கெட்டி என்பது கணக்கில் வரவில்லை. இன்றைக்கு அந்தக் கொடுமை இல்லை. விட்ட தாளை அடுத்த முறை எழுதிக்கொள்ளலாம்.

வேதியியலையே முடித்தாலும் பாதை அதோடு அடைபடாது. எம்பிஏ, மூன்றாண்டு சட்டப்படிப்பு, சமூகப்பணி, நூலக அறிவியல் எல்லாவற்றுக்கும் எந்தப் பட்டமும் போதும். பன்னிரண்டில் கணிதம் படித்திருப்பதால் எம்சிஏவும் உண்டு. திருச்சியில் அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. ஆசிரியர் வேலையைத் தவிர வேறு எதற்கும் முதுகலையில் பாதை மாறுவது நம் பிள்ளைகளுக்கு எளிதாகவே நடக்கிறது.

புதுமைப் பெண் பணம். 2022 செப்டம்பரில் தொடங்கிய திட்டம், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு மாதம் 1,000 ரூபாய். அதே கல்லூரிக்குள் மேஜர் மாறுவதால் அந்தத் தகுதி போகாது. ஆனால் கல்லூரி மாணவர் விவரங்களைப் பதிகிற அரசின் யூமிஸ் தளத்தில் அவள் பெயர் பழைய பாடத்திலேயே நின்றால் பணம் தேங்கலாம். மாறிய ஆணையின் நகலை எடுத்துக்கொண்டு, கல்லூரியில் அந்தத் திட்டத்தைப் பார்க்கிற ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். வேறு கல்லூரி என்றால் பழைய கல்லூரி அவளுடைய யூமிஸ் பதிவை விடுவித்தார்களா என்று கேட்டுவிட்டே வெளியே வாருங்கள். பிற கல்வி உதவித்தொகைக்கு விண்ணப்பித்திருந்தால் அதிலும் பாடத்தின் பெயரைத் திருத்த வேண்டும்.

கடிதம் நீளமாக வேண்டாம். முதல்வருக்கு, வேதியியல் துறைத் தலைவர் வழியாக. பெயர், சேர்க்கை எண், இப்போதைய வகுப்பு, கேட்கிற வகுப்பும் பயிற்று மொழியும், பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண், இனப் பிரிவு, காரணம் இரண்டு வரி. "வேதியியல் பிடிக்கவில்லை" என்று எழுதாதீர்கள். "அரசுப் பணித் தேர்வுக்குத் தமிழ் வழியில் வரலாறு பயில விரும்புகிறேன்" என்று விருப்பத்தை எழுதுங்கள். துறைத் தலைவருக்கு மனம் நோகாமல் இருந்தால் கையெழுத்து சீக்கிரம் கிடைக்கும். அவரிடம் வாங்கிய பிறகு வரலாற்றுத் துறைத் தலைவரின் ஒப்புதல், அதற்குப் பிறகு முதல்வர். அவளே நேரில் கொடுக்கட்டும், அவளே பேசட்டும். மதிப்பெண் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், சேர்க்கைக் கட்டண ரசீது மூன்றுக்கும் இரண்டிரண்டு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். அப்புறம், அக்காவையோ அத்தானையோ கட்டாயம் கூட்டிப் போங்கள். பெற்றோர் கையெழுத்து கேட்பார்கள், மாமன் கையெழுத்தை ஏற்க மாட்டார்கள்.